பழைய மகோகனி மோட்டார் படகு வாங்கிப் புதுப்பிக்க: கேள்வி பதில்

கேள்விகளில் பெரும்பாலானவை கிறிஸ்-கிராஃப்ட் படகுகளைப் பற்றியவை. மிச்சிகனின் அல்கோனாக்கில் வளர்ந்த அந்த நிறுவனத்தின் 1930 முதல் 1950கள் வரையிலான மகோகனிப் படகுகளை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். அதே காலத்து மற்ற அமெரிக்கப் படகுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்வி: 1948ஆம் ஆண்டு கிறிஸ்-கிராஃப்ட், 22 அடி ஸ்போர்ட்ஸ்மேன் மாடல். பல வருடம் கொட்டகையில் இருந்ததாம். வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அடிப்பாகம் கெட்டி என்கிறார் விற்பவர். எதை முதலில் பார்க்க வேண்டும், அண்ணா?

வார்னிஷைக் கடைசியில் பாருங்கள். படகின் மதிப்பு அடிப்பாகத்தில் இருக்கிறது. டார்ச், சின்னக் கண்ணாடி, குத்தூசி, 6 அடி மட்டப்பலகை, கொட்டாப்புளி எடுத்துப் போங்கள்.

படகுக்கு அடியில் படுத்து ஏரா மரத்தை (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) முன்னிருந்து பின்வரை குத்தூசியால் லேசாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், உளுத்த மரம் உள்ளே விடும். பின்பலகையும் அடிப்பலகையும் சேரும் இடம், அணியத்தின் (படகின் முன்முனை) அடிக்கட்டை, பக்கமும் அடியும் சந்திக்கும் சைன் கட்டை ஆகிய மூன்றும் முதலில் கெடும். மேல்தளத்தின் விளிம்புப் பலகைக்குக் கீழேயும் பாருங்கள். ஏரித் தண்ணீரை விட மேலிருந்து கசியும் மழைநீர்தான் மரத்தை அதிகம் அழுக வைக்கிறது. கொட்டாப்புளியால் தட்டினால் கெட்டியான இடம் கணீரென்று பேசும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும்.

அடுத்து, மட்டப்பலகையை அடிப்பாகத்தின் பின் 6 அடியில், ஏராவுக்கு இணையாக வைத்துப் பாருங்கள். நேராக இருக்க வேண்டும். பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால், வேகமெடுக்கும்போது படகு மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். ட்ரெய்லரில் தப்பாகத் தாங்கி வைத்த படகுகளில் இந்த வளைவைப் பார்க்கலாம்.

விற்பவரிடம் அனுமதி வாங்கி, ஏரா ஓரம், சைன் ஓரம், பின்பலகை ஓரம் என இரு பக்கமும் சேர்த்து ஆறு திருகுகளைக் கழற்றுங்கள். பழைய பித்தளைத் திருகில் துத்தநாகம் வெளியேறிவிட்டால் செம்பு மட்டும் மிஞ்சும். நிறம் இளஞ்சிவப்பாகும், கையால் முறித்தாலே உடையும். இரண்டு மூன்று அப்படி வந்தால் பலகைகளை வார்னிஷும் பழக்கமும்தான் பிடித்திருக்கின்றன என்று வையுங்கள். திருகைக் கழற்ற விடவில்லையா? புது அடிப்பாகம் தேவை என்ற கணக்கிலேயே விலை பேசுங்கள். பட்டறையில் கொடுத்தால் அந்த ஒரு வேலையின் செலவே படகின் விலையைத் தாண்டிவிடலாம்.

கேள்வி: தண்ணீரில் விட்டால் ஊறி அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

நல்ல நிலையில் உள்ள பழைய அடிப்பாகத்துக்கு அது உண்மை. உட்பலகை, எண்ணெய்ப் பசையில் நனைத்த துணி, வெளிப்பலகை என்று இரட்டை அடுக்காகக் கட்டியவை அவை. காய்ந்தால் இடைவெளி விழும், ஊறினால் மூடும். முதலில் உள்ளே ஈரச் சாக்கு போட்டு இரண்டு நாள் நனையுங்கள். பிறகு இறக்கி, தானாக ஓடும் இரண்டு பம்புகளும் சார்ஜரும் வைத்துக் காவல் இருங்கள். ஒரு வாரம் கழித்தும் பம்பு ஓயாமல் ஓடினால் ஊறவைத்துப் பயனில்லை. காய்ந்த இடைவெளியில் கெட்டியான மக்கை (விரிசல் அடைக்கும் பசை) அடைக்கவே கூடாது. பலகை ஊறி விரிய இடமில்லாமல் திருகுகளைப் பிடுங்கும், வங்குகளை (விலா எலும்பு போன்ற குறுக்குக் கட்டைகள்) முறிக்கும்.

கேள்வி: அடியில் ஃபைபர் கிளாஸ் பூசிய படகு மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பலகை அசையும், பூச்சு அசையாது. ஓரத்தில் பிரிந்து உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியில் தெரியாமலே மரம் உளுக்கும். முழு அடிப்பாகமும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும், அதற்கேற்ற விலையில் வாங்கலாம்.

கேள்வி: அடிப்பாகத்தை நானே மாற்ற முடியுமா? '5200 முறை' என்றால் என்ன?

தச்சு வேலையில் பொறுமை இருந்தால் முடியும். வடிவத்தை இழக்காமல் காப்பதுதான் இதில் பெரிய வேலை. என்ஜினை இறக்குங்கள். மேல் விளிம்பின் குறுக்கே கட்டைகள் அடித்து அகலத்தைப் பூட்டுங்கள். பிறகு கவிழ்த்து, ரசமட்டம் பார்த்த தாங்கிகளில் வையுங்கள். எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் பிடுங்கினால் வங்குகள் தன்னிஷ்டத்துக்கு நகரும். பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்தால் அவையே புதியவற்றுக்கு அச்சு.

கெட்ட வங்கு, ஏரா, சைன் கட்டைகளை மாற்றியபின், மரத்தின் எல்லா முகங்களிலும் ஊடுருவும் எபாக்சி (இரு கலவை சேர்த்துப் பூசும் பிசின்) பூசுங்கள். வெட்டுமுனைகள் குடிக்கும் வரை கொடுங்கள். உள்ளடுக்குக்கு கால் அங்குல ஒக்கூமே (ஒரு மர வகை) மரைன் பிளைவுட். அதன்மேல் 3எம் 5200 பாலியூரித்தேன் பசையைப் பல் கரண்டியால் சீராகப் பரப்பி, வெளி மகோகனிப் பலகைகளைச் சிலிக்கான் வெண்கலத் திருகுகளால் இறுக்குங்கள். சாதாரண வகை 5200 முழுதாகக் கெட்டியாக ஒரு வாரம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். வெண்கலத் திருகுகள் பல ஃப்ரியர்சன் தலை கொண்டவை, பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். பிலிப்ஸ் பிட் போட்டால் தலை சிதையும், சரியான பிட் வாங்குங்கள்.

இப்படிக் கட்டிய அடிப்பாகம் ஊற வேண்டியதில்லை, இறக்கிய உடனே ஓட்டலாம். ஓட்டுவதற்கான படகுக்கு இதையே சொல்வேன். அசல் அடிப்பாகம் இன்னும் உறுதியாக இருக்கும் அரிய படகை மட்டும் தொடாதீர்கள். அது போனால் திரும்ப வராது.

கேள்வி: என்ஜின் இறுகிக் கிடக்கிறது. ஹெர்குலிஸ் ஆறு சிலிண்டர்.

ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஊடுருவும் எண்ணெய் ஊற்றி, சில நாள் விட்டு, கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அதற்கு முன் பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் வெடிப்பு தேடுங்கள். ஏரித் தண்ணீராலேயே குளிரும் என்ஜின் இது. ஒரே ஒரு குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்க மறந்தாலும் அது உறைந்து வார்ப்பு பிளக்கும். பிளந்த பிளாக் என்றால் விலையில் என்ஜினைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: சில குரோம் பாகங்கள் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பலகையை நீங்களே செய்யலாம். அந்த வருடத்து முன்விளக்கு, வெட்டுமூக்குத் தகடு (முன்முனை விளிம்பை மூடும் தகடு), முன்கண்ணாடித் தாங்கி, முகப்பு மானிகள் ஆகியவற்றைத் தேடிப் பிடித்துக் குரோம் பூசவே பெரும் பணம் போகும். முழுமையான படகுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது லாபம். ஹல் எண்ணையும் (படகின் உடலுக்கு ஆலை கொடுத்த எண்) பாருங்கள். 22 அடி ஸ்போர்ட்ஸ்மேனுக்கு யூ-22 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் தயாரிப்பு அட்டையின் நகல் கேட்கலாம். அசல் என்ஜின் எது என்பதை அதை வைத்துச் சரிபார்க்கலாம். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வார்னிஷ் எத்தனை கை?

சாயம் கலந்த துளைநிரப்பியை மர இழைக்குக் குறுக்கே தேய்த்து நன்றாகக் காயவிட்டு, முதல் கை நீர்த்துப் பூசி, மொத்தம் பத்துக் கைக்குக் குறையாமல். இடையிடையே 220 உப்புத்தாள், கடைசிக் கைகளுக்கு 320. திருகுமேல் வைக்கும் மரத்தக்கைகளை வார்னிஷில் தோய்த்தே அடியுங்கள். எபாக்சி வைத்தால் பின்னால் திருகை எடுக்கவே முடியாது.

கேள்வி: புதுப்பித்தபின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்கிறது.

என்ஜினையும் ஷாஃப்டையும் ட்ரெய்லரில் வைத்தே ஒரே நேர்கோட்டில் பொருத்தியிருப்பீர்கள். தண்ணீரில் படகின் வடிவம் சற்று மாறும். இறக்கிச் சில நாள் மிதக்க விட்டு, என்ஜினும் ஷாஃப்டும் சேரும் கப்ளிங் முகங்களைப் பிரித்து, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். வேறுபாடு 0.003 முதல் 0.004 அங்குலத்துக்குள் வரும்வரை என்ஜின் தாங்கிகளைத் திருத்துங்கள். அதன்பின்னும் அதிர்ந்தால் புரொப்பெல்லரையும், ஷாஃப்ட் வளையாமல் நேராக இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள்.