எத்தனை நாற்காலி?

அன்புள்ள அண்ணனுக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், காரணம் கீழே இருக்கிறது. கோயம்புத்தூரில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் போன வருஷம் ஒரு குறும்படம் எடுத்தேன். 28 நிமிஷம். பேச்சு முக்கால்வாசி எங்கள் படுகு மொழி, மிச்சம் தமிழ். இலை வண்டி வராத ஒரு நாளில், பறித்த தேயிலை மூட்டைகளோடு ஒரு பாட்டி ரோட்டோரம் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. நடித்தது என் பெரியம்மா. மற்றவர்களும் எங்கள் ஊர்க்காரர்களே.

விழாக்களுக்குப் படம் அனுப்புகிற ஃபிலிம்ஃப்ரீவே இணையதளம் வழியாக இதுவரை 47 விழாக்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டணம் மட்டும் 61,000 ரூபாய். (வீட்டுக்குத் தெரியாது. பெயர் வேண்டாம் என்றது இதனால்தான்.) 9 இடத்தில் தேர்வானது, அதில் 4 இடத்தில் விருது. ஆனால் ஒரு விழாவுக்குக்கூட நான் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. நாலு பேருக்குத் தெரிந்த விழாக்கள் எல்லாம் மறுத்துவிட்டன. 2023இல் முதுமலை யானைக்குட்டி ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் கேமராவைத் தூக்கினாலும் 'அடுத்தது நீதான்' என்கிறார்கள். இப்போது அதே நண்பர்கள் என் போஸ்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இன்னும் அனுப்பலாமா, இல்லை யூட்யூபில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கவா? லிங்க் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை ராத்திரி, செல்போனில், பாதியில் தூங்கிவிட்டேன். இரண்டாவது தடவை காலையில் கணினியில் உட்கார்ந்து பார்த்தபோது தூங்கிய இடத்துக்கு அப்புறம்தான் படமே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தது. இதை நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பெரியம்மா மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் மூட்டை வாயை அவிழ்த்து இலையைத் தார்ப்பாயில் கொட்டி ஆறவிடுகிறாரே, அந்த இடம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பறித்த பச்சை இலையை மூட்டையில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிவிடும், நேரமானால் சிவந்து போகும், அப்புறம் ஃபேக்டரியில் அதற்கு விலை கிடையாது. அந்தக் கைக்கு அது தெரியும். வசனமே இல்லாமல் ஒரு கையை வைத்து ஒரு நாள் வருமானத்தைக் காட்டியிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வந்து எடுப்பவருக்கு இந்த ஷாட் தோன்றாது, அவர் தொப்பியும் கூடையுமாகச் சரிவில் வரிசையாக நிற்கிற பெண்களை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

சரி, இப்போது 61,000 ரூபாய்.

தேர்வான 9 விழாக்களையும் தேடிப் பார்த்தேன். ஆறு விழாக்கள் மாதா மாதம் நடக்கின்றன. மாதா மாதம் விழா நடத்த அது என்ன, சீட்டு நிறுவனமா? ஒன்றில் விருதுப் பிரிவுகளை எண்ணிக்கொண்டே வந்து ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். எதிலும் அரங்கத்தின் பெயர் இல்லை, எந்தப் படம் எத்தனை மணிக்கு என்ற அட்டவணை இல்லை, போன தடவை கூட்டம் உட்கார்ந்திருந்ததாக ஒரு போட்டோவும் இல்லை. கட்டணம் வாங்குகிறார்கள், இரண்டு பக்கமும் இலைக்கொத்து வைத்த முத்திரையை மெயிலில் அனுப்புகிறார்கள், கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. இலை பறித்து விற்கிற ஊரில் பிறந்துவிட்டு டாலர் கொடுத்து இலை வாங்கியிருக்கிறீர்கள் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் வாங்கியவன்தான்.

பல வருஷங்களுக்கு முன் என் முதல் குறும்படத்துக்கு வடக்கே ஒரு நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. விழாவின் பெயர் சொல்லப் போவதில்லை. இரண்டு ராத்திரி ரயிலில் போய் இறங்கினால், ஒரு ஓட்டலில் கல்யாண நிச்சயதார்த்தம் நடத்துகிற மாதிரி ஒரு சின்ன ஹால். இருந்தவர்கள் நான்கு இயக்குநர்கள், ஒருவருடைய மனைவி, காபி கொண்டுவந்த பையன். அவரவர் படம் ஓடும்போது அவரவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தோம். என் படத்தின் கடைசிக் காட்சியில், லேப்டாப்பில் வைரஸ் ஸ்கேன் முடிந்துவிட்டது என்று திரையின் மூலையில் ஒரு பெட்டி வந்து நின்றது, யாரும் எழுந்து அதை மூடவில்லை. சாயங்காலம் சிறந்த அறிமுக இயக்குநர் விருதை நான்கு பேருக்குமே கொடுத்தார்கள். அந்தக் கோப்பை இன்னும் குன்னூர் வீட்டில் இருக்கிறது, அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

அதே படம் அடுத்த வருஷம் திருவனந்தபுரத்தில் ஓடியது. கேரள சலச்சித்ர அகாடமி 2008இலிருந்து நடத்துகிற ஆவணப்பட, குறும்பட விழா. பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள், மழையில் நடக்கும். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி கைரளி தியேட்டருக்கு நடந்தே போய்விடலாம். காலைக் காட்சிதான், அரங்கம் பாதிதான் நிறைந்திருந்தது, ஆனால் அத்தனை பேரும் என்னைத் தெரியாதவர்கள். நான் சோகம் என்று நினைத்து வெட்டி ஒட்டிய ஒரு இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், உடனே இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். வியர்த்துவிட்டது. வெளியே வந்ததும் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டு, என் படத்தில் வருகிற கூலிக்காரர் கடைசியில் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று மலையாளத்தில் சண்டைக்கு வந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அடுத்த படத்தை எப்படி எடுக்கக் கூடாது என்று அந்தச் சிரிப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் ஒரு விழாவைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை நாற்காலி? எந்த ஊரில், எந்த அரங்கத்தில், என்றைக்கு, யார் வந்து உட்காருவார்கள்? பதில் இல்லையென்றால் அட்டையைத் தேய்க்காதீர்கள். பதில் இருக்கிற இடத்துக்கும் உடனே கட்ட வேண்டியதில்லை. படத்தைப் பற்றி நாலு வரி, உங்கள் நிலைமை பற்றி இரண்டு வரி எழுதி, கட்டண விலக்கு கிடைக்குமா என்று ஒரு மெயில் போடுங்கள். நிஜமான விழாக்களில் நிறையப் பேர் கொடுக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நம் பையன்கள் முப்பது டாலர் கட்டுகிறார்கள், அதுவும் கடைசித் தேதிக்குப் பக்கத்தில், கட்டணம் ஏறிய பிறகு.

நல்ல விழாக்கள் ஏன் மறுத்தன? படம் மோசம் என்பதால் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விழாவில் குறும்படங்களைத் தனித்தனியாகக் காட்டுவதில்லை, ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்தாறு படங்களைக் கட்டாகக் கட்டிக் காட்டுகிறார்கள். உங்கள் 28 நிமிஷத்தை உள்ளே எடுத்தால் இரண்டு பேரையாவது வெளியே நிறுத்த வேண்டும். அந்த இரண்டு பேரை விட நீங்கள் பெரிய ஆளாக இருந்தாக வேண்டும். ஆஸ்கர்காரர்கள் 40 நிமிஷம் வரை குறும்படம் என்கிறார்கள், உண்மைதான், ஆனால் கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு பெயர்கள் ஓடுகிற எழுத்தோட்டத்தோடு சேர்த்து 15 நிமிஷம்தான் எல்லை. (கான் என்றதும் ஒன்று. அங்கே குறும்படங்களுக்குச் சந்தை என்று ஒரு பக்கம் உண்டு, பணம் கட்டிப் பதிவு செய்து படத்தை அங்கே வைத்தவர்கள் உண்டு. அதில் வைத்துவிட்டு 'கானில் என் படம்' என்று கோயம்புத்தூரில் பிளெக்ஸ் அடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.)

உங்கள் படம் 15 நிமிஷப் படம். முதல் நான்கு நிமிஷம் மூடுபனி. அண்ணன் தம்பிக்குள் சொல்லிக்கொள்ளலாம், பனிமூட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே இரண்டாவது நிமிஷத்தில் கொட்டாவி வந்தது. டூரிஸ்ட்காரன் நம் மலையை வாழ்த்து அட்டையாகப் பார்க்கிறான் என்று திட்டுகிறோம், கேமரா கைக்கு வந்ததும் முதலில் எடுப்பது அதே அட்டையைத்தான். பார்த்துத் தேர்வு செய்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ படம் பார்க்கிறார், அந்த நான்கு நிமிஷத்தில் அவர் டீ குடிக்க எழுந்திருப்பார். கை மூட்டைக்குள் போகிற ஷாட்டில் ஆரம்பியுங்கள். பேரன் செல்போனில் பேசுகிற காட்சி மொத்தமாகப் போகலாம்.

இதைவிட முக்கியம் சப்டைட்டில். பெரியம்மா மூன்று இடத்தில் 'ஹெத்தை' என்கிறார். ஒரு இடத்தில் தன் பாட்டியைச் சொல்கிறார், ஒரு இடத்தில் தெய்வத்தைக் கூப்பிடுகிறார், மூன்றாவது இடத்தில் எதைச் சொல்கிறார் என்று எனக்கே இரண்டு மனது. படத்தின் உயிர் அந்த மூன்றாவது இடம். உங்கள் ஆங்கில சப்டைட்டிலில் மூன்றும் வெறும் பாட்டி. படுகர் அல்லாத எனக்கே அக்கம்பக்கப் பழக்கத்தில் புரிந்தது, அசலூர்க்காரருக்கு எப்படிப் புரியும்? அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுப் பாருங்கள், மூன்று தடவை கேட்டால் யாருக்கும் பிடிபடும். சப்டைட்டிலைப் படத்தோடு நிரந்தரமாக ஒட்டிவிடாமல் தனிக் கோப்பாகவும் வைத்திருங்கள். தியேட்டருக்கு டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜெக்டரில் ஓடுகிற டிஜிட்டல் பிரதி கேட்பார்கள், அதற்கு ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம், டிசிபி-ஓ-மாட்டிக் என்ற இலவச மென்பொருள் போதும். செய்த பிறகு கோயம்புத்தூரில் தெரிந்த தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அனுப்புவதையும் அங்கிருந்தே செய்துவிடுங்கள், அவ்வளவு பெரிய ஃபைல் நம் மலை நெட்டில் ஏறி முடிவதற்குள் அடுத்த பறிப்பு வந்துவிடும்.

பிறகு ஏழெட்டு விழா போதும். திருவனந்தபுரம், பெங்களூரு, தர்மசாலா, 1990இலிருந்து நடக்கிற மும்பை ஆவண, குறும்பட விழா, வெளிநாட்டில் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரோன், ஜெர்மனியின் ஓபர்ஹவுசன். கடைசி இரண்டும் குறும்படத்துக்கென்றே இருக்கிற பழைய விழாக்கள், ஓபர்ஹவுசன் 1954இல் தொடங்கியது. அங்கே கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம், இருந்தாலும் அனுப்புங்கள். ஒவ்வொன்றின் விதியையும் படித்துவிட்டு அனுப்புங்கள். முன்பே எங்கும் காட்டியிருக்கக் கூடாது என்கிற விழாவுக்கு முதலில், மற்றதற்குப் பிறகு. இது முடிகிற வரை யூட்யூப் வேண்டாம், நெட்டில் ஏற்றிய படத்தைச் சில விழாக்கள் எடுக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றவும் வேண்டாம். அதற்குள் அடுத்ததை எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

தமிழில் குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் நீட்டுகிற விசிட்டிங் கார்டு என்று ஆகிவிட்டது. 2009இல் டிவியில் குறும்படப் போட்டி வந்து, அதிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாம் சினிமாவுக்கு வந்ததிலிருந்து அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது. அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் படம் அந்த வகை இல்லை. இதைப் பார்த்து யாரும் உங்களுக்கு ஹீரோ டேட் தரப் போவதில்லை. இதை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் இதற்கு வேண்டியது.

கடிதத்தில் ஒன்று என்னை உறுத்தியது. 47 இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள், பெரியம்மா பார்த்தாரா என்று ஒரு வரி இல்லை. 1980களில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற பெயரில் கேரளத்தில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, பார்த்தவர்களிடமே காசு திரட்டிப் படம் எடுத்தார்கள். அத்தனை பெரிய காரியம் வேண்டாம், உங்கள் ஹட்டியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும். ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் என் சித்தப்பா வேலை பார்த்தார், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று நாளெல்லாம் இருட்டில் நின்று நாட்டுக்கே படச்சுருள் செய்தவர், தான் தொட்ட சுருளில் என்ன படம் ஓடியது என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. உங்கள் பெரியம்மாவுக்கு அப்படி ஆக வேண்டாம். முதல் காட்சி என்கிற பிரீமியர் தகுதி போய்விடுமே என்று பயப்படாதீர்கள், நடித்தவர்களுக்குக் காட்டுவதை விழாக்காரர்கள் பொதுவாகக் கணக்கில் வைப்பதில்லை. உங்கள் கதையில் ஊரே நடித்திருக்கிறது.

ஊர்த் தலைவரான கௌடரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஹெத்தை ஹப்பா திருவிழாச் சமயம் வேண்டாம், விரதமும் சடங்குமாக இருப்பார்கள், தவிர அந்தக் குளிரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வெளியே யார் உட்காருவார்கள்? மார்ச்சில் வையுங்கள். வெட்டிச் சுருக்கிய படத்தைக் காட்டுங்கள், பழையதை வேண்டாம். புரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது, பல்பு கொஞ்சம் மங்கல், ஸ்பீக்கர் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி சொன்னால் குன்னூரிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்துவிடுகிறேன், ராத்திரி தங்க இடம் வேண்டும்.

61,000 விஷயத்தை மட்டும் அதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் வந்து உளறிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்