தொழிற்சாலையிலிருந்து இணைய வணிக ஆலோசனைக்கு மாறலாமா?

கேள்வி: இயந்திரவியல் படித்துவிட்டு ஏழு ஆண்டுகளாக உற்பத்தித் துறையில் இருக்கிறேன். கடைசி மூன்று ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டில். எக்செல் நன்றாக வரும். ஓராண்டாக எஸ்க்யூஎல், பைத்தான் இரண்டையும் கற்று வருகிறேன். இணையக் கடைகளுக்குத் தரவை வைத்து ஆலோசனை சொல்லும் வேலைக்கு மாற ஆசை. எம்பிஏ படிக்க வேண்டுமா? என்னென்ன மென்பொருள்கள் தெரிய வேண்டும்? வேலையை இப்போதே விட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். எப்போது விடலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மாறுவது சரியா என்று கேட்டால், சரிதான். தரக் கட்டுப்பாட்டிலிருந்து வருகிறவர் என்பதால் கூடுதல் நம்பிக்கையோடு சொல்கிறேன்.

மென்பொருள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் தண்ணீர்பட்ட பாடாக வர வேண்டும். இரண்டு அட்டவணைகளை இணைப்பது, வாடிக்கையாளர் வாரியாகத் தொகுப்பது, ஒருவருடைய முதல் ஆர்டருக்கும் இரண்டாவது ஆர்டருக்கும் நடுவே எத்தனை நாள் என்று எடுப்பது, இதெல்லாம் யோசிக்காமல் கை எழுத வேண்டும். எக்செல்லை விட்டுவிடாதீர்கள், கடை முதலாளியும் அவருடைய கணக்காளரும் அதில்தான் நாளெல்லாம் இருக்கிறார்கள். தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ, டேப்லோ, லுக்கர் ஸ்டுடியோ மூன்றில் ஏதாவது ஒன்று போதும். பைத்தான் இப்போது தெரிந்த அளவே ஆரம்பத்துக்குப் போதும். தளத்துக்கு வருகிறவர்களையும் அவர்கள் செய்வதையும் எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்யாதீர்கள். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் புதிய தரவு எடுப்பதை நிறுத்தியபோது, அதன் திரைகளை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் அதற்குப் பதிலாக வந்த ஜிஏ4-ஐ அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஒரு வருகை எப்படி எண்ணப்படுகிறது, ஒரே ஆள் போனிலும் கணினியிலும் வந்தால் என்ன ஆகும் என்று புரிந்து வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை.

இனி உங்களிடம் ஏற்கெனவே இருப்பதற்கு வருவோம். ஒரு பாகத்தின் அளவு தப்பாக வந்தால் நீங்கள் உடனே பாகத்தைக் குறை சொல்ல மாட்டீர்கள். அளவுகருவி சரியாக இருக்கிறதா, அளந்தவர் யார், இன்னொருவர் அளந்தாலும் அதே எண் வருகிறதா என்று பார்ப்பீர்கள். இணையக் கடையிலும் முதல் நாள் வேலை அச்சு அசலாக இதுதான். ஒரு உதாரணம்: கடையின் ஆர்டர் பதிவேடு போன மாதம் 1,000 ஆர்டர் என்கிறது. அனலிட்டிக்ஸ் 870 என்கிறது. விளம்பரம் கொடுக்கும் இரண்டு தளங்களும் தங்களால் வந்ததாகச் சொல்லும் ஆர்டர்களைக் கூட்டினால் 1,150 வருகிறது. எதை நம்புவது?

ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. குக்கீ அனுமதி கேட்கும் பட்டையில் 'வேண்டாம்' என்று அழுத்தியவர், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர், பணம் கட்டிவிட்டு நன்றிப் பக்கம் திறப்பதற்குள் உலாவியை மூடியவர், இவர்களெல்லாம் அனலிட்டிக்ஸ் கண்ணில் படாமல் போகலாம். 2021 ஏப்ரலில் ஐபோன் மென்பொருளின் 14.5 பதிப்பு வந்ததிலிருந்து, ஒரு செயலி மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் கேட்டாக வேண்டும். அதனால் விளம்பரத் தளங்கள் பலவற்றை ஊகித்துத்தான் எண்ணுகின்றன. இரண்டு விளம்பரங்களையும் பார்த்துவிட்டு வாங்கிய ஒருவரை இரண்டு தளங்களும் தன் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. நேர மண்டல வித்தியாசம், ரத்தான ஆர்டர்கள் தனி. இந்த மூன்று எண்களையும் உட்கார்ந்து ஒத்துப்பார்த்து, எது எதற்குப் பயன்படும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பவருக்கு மதிப்பு அதிகம். நீங்கள் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவரும் சரக்கு எண்ணைச் சந்தேகப்படும் அந்தப் பழக்கம்தான். புதிய மென்பொருள்களுக்குப் பின்னால் ஓடி அதை மழுங்க விட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்குத் தரவு எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் பராமரிக்கும் இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்தில் 'ஆன்லைன் ரீட்டெய்ல்' என்று ஒன்று இருக்கிறது. பரிசுப் பொருள் விற்கும் ஒரு பிரிட்டன் இணையக் கடையின் பதிவு. 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரை, மொத்தம் 5,41,909 வரிகள். வாடிக்கையாளர் எண் இல்லாத வரிகளே சுமார் 1,35,000 இருக்கும். ரத்தான பில்களின் எண்ணுக்கு முன்னால் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் அந்த 'சி' வரிகளை நீக்கிவிட்டு, அதிகம் விற்ற பொருள் எது என்று பட்டியல் எடுப்பார்கள். சிறு பறவைப் படம் கொண்ட ஒரு காகிதக் கைவினைப் பொருள் 80,995 எண்ணிக்கையோடு முதலிடத்தில் வந்து நிற்கும். அந்த வரியைத் தேடிப் பாருங்கள். கடைசி நாள் காலை 9.15-க்கு ஒரே ஆர்டராகப் பதிவாகி, 9.27-க்கு அதே 80,995-ம் ரத்தாகியிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம்தான். ரத்து வரியை மட்டும் நீக்கியதால், நடக்காத விற்பனை ஆண்டின் மிகப் பெரிய விற்பனையாகிவிட்டது. இரண்டாவது இடத்தில் வரும் சேமிப்பு ஜாடியின் கதையும் ஏறக்குறைய இதுதான்: 2011 ஜனவரி 18 அன்று 74,215 ஜாடிகள், பதினாறு நிமிடத்தில் ரத்து. இந்தப் பட்டியலை நம்பி ஒரு முதலாளி சரக்கு வாங்கிக் குவித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு நல்ல தொகுப்பு, தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் தளத்தில் கிடைக்கும், பிரேசில் நாட்டு இணைய வணிக நிறுவனமான ஒலிஸ்ட்டின் தரவு. 2016 முதல் 2018 வரை சுமார் 1,00,000 ஆர்டர்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வாடிக்கையாளர் எண் என்ற பத்தியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் புது எண் தரப்பட்டிருக்கும். அதை வைத்து எண்ணினால் ஒருவர்கூடத் திரும்ப வந்து வாங்காதது போலத் தெரியும். உண்மையான ஆளைக் குறிக்கும் எண் வேறொரு பத்தியில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது என் ஆரம்ப காலம் நினைவுக்கு வருகிறது. ஒரு கடைக்கு அறிக்கை கொடுத்தேன்: 'பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வருவது பாதியாகக் குறைந்துவிட்டது.' முதலாளி பதறிப்போய்த் தள்ளுபடித் திட்டம் ஒன்றை அறிவிக்கப் போனார். நல்லவேளை, அங்கே பொருள் கட்டி அனுப்பும் பெண் ஒருவர், "அப்படித் தெரியலையே சார், தினமும் அதே பேருங்களைத்தானே ஒட்டுறேன்" என்றார். போய்ப் பார்த்தால், நான்கு மாதம் முன்பு கடையை வேறு மென்பொருள் தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் புது எண் விழுந்திருக்கிறது. அன்று முதல், எந்த அறிக்கையையும் கொடுப்பதற்கு முன் கிடங்கில் அரை மணி நேரமாவது நின்று பேசாமல் நான் கொடுப்பதில்லை.

உங்களிடம் இருக்கும் இன்னொரு கருவி கட்டுப்பாட்டு வரைபடம். ஒரு அளவின் ஏற்ற இறக்கம் இயல்பான எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்டும் இதை, வால்டர் ஷூஹார்ட் 1924-ல் பெல் தொலைபேசிக் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வரைந்தார். தொழிற்சாலையில் தினமும் பார்த்திருப்பீர்கள். அதை ஆர்டர் எண்ணிக்கைக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக நாளைக்கு 100 ஆர்டர் வரும் கடையில், எதுவுமே மாறாவிட்டாலும், 80-க்கும் 120-க்கும் நடுவே ஏறி இறங்குவது இயல்பு. ஒரு நாள் 86 ஆனதற்காகக் கூட்டம் போட்டு விளம்பரத்தை மாற்றுவதும், மறுநாள் 109 ஆனதும் மாற்றம் பலித்துவிட்டது என்று மகிழ்வதும் பல கடைகளில் நடக்கிறது. இந்த அலைச்சலிலிருந்து ஒரு முதலாளியைக் காப்பாற்றுவது சின்ன உதவி இல்லை.

மொத்த சராசரியும் ஏமாற்றும். கணினியில் 50,000 பேர் வந்து 4% வாங்குகிறார்கள், போனில் 50,000 பேர் வந்து 1.5% வாங்குகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 2.75%. அடுத்த மாதம் கணினியில் அதே 50,000 பேர், 4.2%. போனில் 1,50,000 பேர், 1.6%. இரண்டுமே கூடியிருக்கிறது. ஆனால் மொத்தத்தைக் கணக்கிட்டால் 2.25%. 'கன்வர்ஷன் (வந்தவர்களில் வாங்கியவர்களின் விகிதம்) விழுந்துவிட்டது' என்று டேஷ்போர்டில் சிவப்பு அம்பு வரும், ஆர்டர்களோ 2,750-லிருந்து 4,500 ஆகியிருக்கும்.

சரி, உங்களிடம் இல்லாதது என்ன? வியாபாரப் பணத்தின் போக்கு. பொறியியலிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஆகவே உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். விளம்பரத்துக்குச் செலவழித்ததைப் போல மூன்று மடங்கு விற்பனை வந்தது என்று ஒரு கடை சந்தோஷப்படுகிறது. 100 பங்கு விற்பனை என்று எடுத்துக்கொண்டால் விளம்பரத்துக்கு 33 பங்கு. பொருளின் கொள்முதல் 55. அனுப்பும் செலவு 10. பணம் வாங்கித் தரும் சேவைக்குக் கட்டணம் 2. கூட்டினால் சரியாக 100. இன்னும் ரிட்டர்ன் கணக்கில் வரவே இல்லை! திரும்பி வரும் பொருளுக்கு இரண்டு தடவை வண்டிச் செலவு, பிரித்துப் பார்க்கும் கூலி, சிலவற்றை மறுபடி விற்கவே முடியாது. ஆக அந்தக் கடை ஒவ்வொரு ஆர்டரிலும் நஷ்டப்படுகிறது. விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால் நஷ்டமும் இரட்டிப்பாகும். இந்தக் கணக்கைப் பொருள் வாரியாகப் போட்டு, எதற்கு விளம்பரம் செய்யலாம், எதற்குக் கூடாது என்று காட்டுவது நல்ல ஆலோசகரின் முதல் அறிக்கையாக இருக்கலாம். அப்புறம் சரக்கில் முடங்கும் பணம், பணம் கைக்கு வர ஆகும் நாள், தள்ளுபடி பழக்கமாகிவிட்டால் வரும் கேடு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பக்கத்தின் இரண்டு வடிவங்களை இரண்டு பிரிவினருக்குக் காட்டி, எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று ஒப்பிடும் ஏ/பி டெஸ்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. 2% பேர் வாங்கும் பக்கத்தில் அதை 2.2% ஆக்கியிருக்கிறோமா என்று வழக்கமான நம்பகத்தன்மையோடு சொல்ல, ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறக்குறைய 80,000 பார்வையாளர்கள் வேண்டும். சிறிய கடைக்கு இது மாதக் கணக்கில் இழுக்கும். அவர்களிடம் பொத்தான் நிறத்தைச் சோதிக்கச் சொல்லாதீர்கள். பணம் கட்டும் பக்கத்தில் நீங்களே நாலு தடவை வாங்கிப் பார்த்து எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

எம்பிஏ? பெரிய ஆலோசனை நிறுவனங்களில் சேருவது இலக்கு என்றால், அங்கே ஆள் எடுக்கும் வழிகளில் அது ஒன்று. சிறு, நடுத்தரக் கடைகளுக்கு வேலை செய்ய அது தேவையில்லை. சான்றிதழ்களும் அப்படித்தான். கூகுளின் அனலிட்டிக்ஸ் தேர்வை இலவசமாகவே எழுதலாம், எழுதி வையுங்கள், ஆனால் அதைப் பார்த்து யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

நான் பரிந்துரைக்கும் வழி கொஞ்சம் மெதுவானது. முதலில் ஒரு இணைய வணிக நிறுவனத்தில் தரவு ஆய்வாளராகச் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஆண்டு இருங்கள். சம்பளம் முதலில் குறையலாம். ஆனால் பண்டிகைக் கால விற்பனை ஒன்றையும் அதற்குப் பின் வரும் ரிட்டர்ன் வெள்ளத்தையும் உள்ளே இருந்து பார்க்காதவர் ஆலோசனை சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விண்ணப்பிக்கும்போது உதிரி பாகம், கருவிகள், தொழிற்சாலைப் பொருள்கள் விற்கும் கடைகளைக் குறிவையுங்கள். ஒரு தாங்கியின் (பேரிங்) உள்விட்டம் தப்பாகப் போட்டிருப்பதால்தான் ரிட்டர்ன் வருகிறது என்று உங்களுக்குப் பார்த்ததும் தெரியும். வெறும் தரவு படித்தவருக்குத் தெரியாது.

விண்ணப்பத்தோடு இரண்டு மாதிரி அறிக்கைகள் வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம்: என்ன கேள்வி, தரவில் என்ன கோளாறு இருந்தது, என்ன கண்டீர்கள், முதலாளி என்ன செய்ய வேண்டும். மேலே சொன்ன 80,995 போன்ற ஒன்றை நீங்களே கண்டுபிடித்துக் காட்டினால் அது பத்து வண்ண வரைபடங்களுக்குச் சமம்.

வேலையில் இருந்துகொண்டே வெளி வேலை எடுப்பதானால், உங்கள் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் படியுங்கள். முதல் வேலையைச் சிறியதாக வையுங்கள். இரண்டு வாரம், ஒரே கேள்வி, தொகை முன்பே பேசியது. வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண், முகவரி நீக்கிய தரவைத்தான் வாங்குங்கள். அந்தத் தனிப்பட்ட விவரங்கள் உங்கள் கணினியில் இருக்கவே வேண்டியதில்லை. வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து நீங்களாகவே ஒரு தடவை போய், சொன்னது பலித்ததா என்று பாருங்கள். பலிக்காதவைதான் உங்களுக்கு அதிகம் கற்றுத் தரும்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. சம்பளம் இல்லாமல் பத்து மாதம் குடும்பம் நடத்தும் சேமிப்பு இருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு கிளையன்ட்கள், நீங்கள் கேட்காமலே, இரண்டாவது வேலையோடு திரும்பி வந்திருக்க வேண்டும். முதல் தடவை ஆர்வத்தில் வருவார்கள், தெரிந்தவர் சொன்னார் என்று வருவார்கள். இரண்டாவது தடவை பணம் கொடுப்பவர் பலனைப் பார்த்துத்தான் வருகிறார். இந்த இரண்டும் சேர்ந்த மாதத்தில் ராஜினாமாக் கடிதத்தை எழுதுங்கள்.