மாடிவீடுதானே, புயலுக்கு இங்கேயே இருந்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பாவில் விரிகுடாவுக்குப் பக்கத்தில் 2006-இல் கட்டிய மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பதால் ஐந்து பேர். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பெரிய புயல் வந்தால் கிளம்ப வேண்டுமா, இருந்துவிடலாமா?

பதில்: முகவரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டாம்பா அடங்கிய ஹில்ஸ்பரோ கவுன்ட்டி (மாவட்டம்) இணையதளத்தில் அதைத் தட்டினால், வெளியேற்ற மண்டலம் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து வரும். கடல்நீர் அங்கே எவ்வளவு எளிதாக ஏறும் என்பதற்கான எழுத்து அது. ஏ மண்டலத்துக்குத்தான் முதலில் வெளியேறும் உத்தரவு வரும். வெள்ளக் காப்பீட்டு வரைபடத்திலும் ஏ, எக்ஸ் என்று எழுத்துகள் உண்டு. அது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புயலின் வகை எண் இதற்கு உதவாது. மூன்றாம் வகை என்றால் மணிக்கு 111 முதல் 129 மைல் காற்று, அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கரையேறியது வெகு வடக்கே, பெர்ரி ஊர்ப்பக்கம். ஆனாலும் டாம்பா விரிகுடாவைச் சுற்றித் தெருக்களில் ஆளுயரத்துக்குக் கடல்நீர் வந்தது. பக்கத்துக் கவுன்ட்டியான பினெல்லஸின் கரையோரத்தில் வீட்டுக்குள்ளேயே மூழ்கி இறந்தவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்குள் வந்த மில்டன் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியதால் விரிகுடாவில் நீர் உள்வாங்கியது. கரையேறும் இடம் சற்று வடக்கே தள்ளியிருந்தால் கதையே வேறு. நீங்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில் எந்த முன்னறிவிப்பாலும் அந்தச் சில மைல்களைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. எனவே மில்டனுக்குக் கிளம்பியவர்கள் செய்தது சரியே.

உங்கள் மண்டலத்துக்கு உத்தரவு வந்துவிட்டால், மாடியில் ஏறிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். புயலில் ஏறும் கடல் அலையோடு வந்து மோதும். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். மாடி நிற்பதே அது மோதும் சுவர்கள்மேல்தான். வீடு தாங்கினாலும் கீழே மின்பலகை, கார் எல்லாம் உப்புநீரில் போய்விடும், கழிப்பறை வழியே சாக்கடை எதிர்த்து வரும். காற்று தொடர்ந்து 40 மைல் வேகத்தைத் தொட்டதும் பாலங்களை மூடுவார்கள், ஆம்புலன்ஸ்களும் நின்றுவிடும். அப்போது அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் அவசர உதவி எண் 911-இல் போனை எடுப்பார்கள், ஆனால் ஆள் அனுப்ப முடியாது.

கிளம்புவதென்றால் உத்தரவு வந்த அன்றே, பகலிலேயே கிளம்புங்கள். அட்லாண்டா வரை ஓடத் தேவையில்லை. 2005-இல் ரீட்டா புயலுக்கு ஹூஸ்டனே ஒட்டுமொத்தமாகச் சாலைக்கு வந்தபோது, நெரிசலிலும் வெயிலிலும் பலர் இறந்தார்கள். உள்நாட்டில் 30, 40 மைல் தள்ளி, வெளியேற்ற மண்டலத்தில் இல்லாத நண்பர் வீடோ ஓட்டலோ போதும். அதுவும் கிடைக்காவிட்டால் கவுன்ட்டி முகாம். புயல் பெயர் செய்தியில் வந்ததுமே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள்; மில்டனுக்கு முன் பல பங்க்குகள் காலியாகிவிட்டன.

உத்தரவு இல்லாத இடம் என்றால் இருக்கலாம். 2002-க்குப் பிறகு கடுமையாக்கிய கட்டட விதிப்படி கட்டிய வீடு காற்றைப் பெரும்பாலும் தாங்கும். பலவீனமான இடம் கராஜ் கதவு: அது உள்வாங்கினால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கிவிடும். காற்றின் வேகத்துக்குச் சான்றுபெற்ற கதவா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். ஜன்னலில் டேப் ஒட்டுவது வீண்வேலை. ஷட்டர் இல்லையென்றால் 5/8 அங்குல ப்ளைவுட்டைச் சட்டத்தில் திருகுங்கள். புயல் உச்சத்தில் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத அறையில் இருங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன். ஒரு வாரத்துக்கு ஐந்து பேருக்கு 35. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், கராஜுக்குள் கூடவே கூடாது. புயலில் தப்பித்து ஜெனரேட்டர் புகையில் இறப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

புயலுக்குப் பிந்தைய வெக்கைதான் பெரியவர்களுக்கு ஆபத்து. ஏசி இல்லாமல் அப்பா அம்மாவை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள்; சாலை திறந்ததும் மின்சாரம் உள்ள இடத்துக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரி செல்சியஸுக்குள் 28 நாள் வரை தாங்கும். மின்சாரம் போன வீட்டில் பகல் வெப்பம் அதைத் தாண்டிவிடும். குளிர்ப்பெட்டியில் வையுங்கள், ஆனால் பனிக்கட்டியில் படக்கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. அவற்றையும் பாஸ்போர்ட்டுகளையும் தண்ணீர் புகாத பையில் போட்டு, உங்கள் தோளிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.