சர்குலர் நோட்டும் சிவப்புச் சாக்பீஸும்

வடசென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை, கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் கல்லூரியில் மாதாமாதம் ஆசிரியர் செய்திமடல் வருகிறது. வழவழப்பான தாளில் 12 பக்கம். முதல்வர் குத்துவிளக்கு ஏற்றியது, துறைத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தியது எல்லாம் கலரில் இருக்கும். பயிற்சி வகுப்போ ஆய்வு நிதியோ வந்தால் மட்டும் தேதி முடிந்த பிறகுதான் காதுக்கு வரும். இப்போது அந்த மடலை என் தலையில் கட்டிவிட்டார்கள். எப்படி நடத்துவது, மேடம்?
— உதவிப் பேராசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

உன் தலையில் கட்டினார்களே, நல்லதாகப் போச்சு. நேரத்துக்குச் செய்தி வராமல் சூடு பட்டவர்கள்தான் இந்த வேலைக்கு லாயக்கு. நானும் சூடு பட்டவள்தான்.

எங்கள் காலத்தில் சர்குலர் நோட்டு. நீளமான பேரேடு, பிரவுன் அட்டை, அதோடு சணலில் கட்டிய ஒரு பால்பாயின்ட் பேனா. அட்டெண்டர் அதை ஒவ்வொரு ஸ்டாஃப் ரூமாகக் கொண்டு வருவார். காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை என்று பேசிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போடுவோம். 1998-இல் யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், எஃப்.ஐ.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் பற்றி ஒரு சர்குலர் வந்தது. சம்பளத்தோடு விடுப்பில் போய் பிஎச்.டி. முடிக்கலாம், நம் வகுப்பை எடுக்க மாற்று ஆசிரியரையும் போட்டுக்கொள்ளலாம். எனக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. ஆனால் நோட்டு என் மேஜைக்கு வந்தபோது கடைசித் தேதி போய் நான்கு நாள். விசாரித்தால், பீரோ சாவியை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் ஒருவர் லீவில் போய்விட்டாராம். நான் கையெழுத்துப் போட்டு அதன் கீழே அன்றைய தேதியையும் எழுதினேன். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, "மேடம், தேதியை மட்டும் அடிச்சிடுங்களேன்" என்றது. அடிக்கவில்லை. அப்புறம் சனி, ஞாயிறில் உட்கார்ந்து, பகுதிநேரமாக ஏழு வருடத்தில் பிஎச்.டி. முடித்தேன்.

அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் என் பலகை. இயற்பியல் லேபில் கழித்துப் போட்ட பச்சைப் பலகை ஒன்று. அதை மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். தண்ணீர் குடிக்காத வாத்தியார் உண்டா? முதலில் கடைசித் தேதி, சிவப்புச் சாக்பீஸில். அதற்குப் பக்கத்தில் விஷயம். அதற்கும் பக்கத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பது. அவ்வளவுதான். முதல் மாதம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரெண்டாவது மாதம் ஓரத்தில், 'தண்டையார்பேட்டையில் ரெண்டு ரூம் வீடு வாடகைக்கு, மெட்ரோ வாட்டர் உண்டு' என்று எழுதினேன். கூட்டம் கூடிவிட்டது! வீட்டுக்காக வந்தவர்கள் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தரும் ஆய்வு நிதியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வணிகவியல் துறையில் ஒருவர் அப்படிப் பார்த்துத்தான் விண்ணப்பித்தார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் அப்பா தவறினார் என்பதும் அதே பலகையில் வரும்.

அதனால் உன் மடலில் முதல் பக்கம் முழுக்கக் கடைசித் தேதிகள். குத்துவிளக்குப் படத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளு. எடுத்தே விடாதே, மடல் நின்றுபோகும். ஒரு விஷயத்துக்கு 15 நாள்கூட இல்லை என்றால் மடல் அச்சாகும்வரை காத்திருக்காமல் நேரே போய்ச் சொல்லிவிடு.

எங்கே தேடுவது? முதல் இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையம். நாங்கள் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்போம், பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது, 2023 முதல் மாளவியா மிஷன் மையம். பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே இருக்கிறது. பாடம் நடத்தும் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன், பாட அறிவைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷர் அறிவிப்பெல்லாம் அங்கே வரும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. யுஜிசியின் 2018 விதிப்படி, பிஎச்.டி. இருந்தால் நாலு வருடத்தில், எம்.ஃபில். என்றால் ஐந்தில், ரெண்டும் இல்லையென்றால் ஆறில், உதவிப் பேராசிரியர் சம்பள நிலையில் லெவல் 10-லிருந்து 11-க்குப் போகலாம். லெவல் 10-இன் அடிப்படைச் சம்பளம் ரூ.57,700-இல் தொடங்குகிறது, லெவல் 11 ரூ.68,900-இல். ஆனால் ஓரியண்டேஷன் சான்றிதழ் இல்லையென்றால் வருடம் ஓடினாலும் ஃபைல் நகராது. ஒரு அறிவிப்பு தவறினால் எத்தனை ரூபாய் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அப்புறம் ஃபுல்பிரைட்-நேரு ஃபெலோஷிப். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போய் ஆய்வு செய்யலாம், பாடம் நடத்தலாம். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். 'எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள்' என்று முதல் இதழிலேயே போடு. கல்மண்டபம் தாண்டி எங்கே போகப் போகிறோம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆறு வருடமாக அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் ரூ.25,000. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் எங்களைச் சேர்க்கவில்லை. கல்லூரி நாள் குரூப் போட்டோவில் 'கெஸ்ட் எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்றார்கள். கேட்டால் வேலைக்கு ஆபத்தா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

போட்டோவுக்காகச் சண்டை போடாதே தம்பி. குழுவுக்காகப் போடு. தனியாகப் போய் நிற்காமல், நாலு பேராகச் சேர்ந்து துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். 'எங்களையும் சேருங்கள்' என்று கேட்டால் பிறகு பார்க்கலாம் என்பார்கள். 'தேர்வுப் பணி, பயிற்சி அறிவிப்புகள் எங்களுக்குத் தெரியாமல் போவதால் வேலை தடைப்படுகிறது' என்று எழுதினால் மறுக்க முடியாது. உண்மையும் அதுதானே. வகுப்பில் பாதியை நீங்கள்தான் எடுக்கிறீர்கள்.

விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-இலேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சர்குலரின் நகல் ஒன்று உன் பையில் இருக்கட்டும். இன்றைக்குப் பயன்படாது, சங்கக் கூட்டத்தில் பயன்படும். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவில்) அல்லது செட் (மாநில அளவில்) முடித்துவிட்டாயா என்று நீ எழுதவில்லை. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பிஎச்.டி. கட்டாயம் இல்லை, அந்தத் தேர்ச்சியே போதும். நெட் வருடத்துக்கு ரெண்டு முறை நடக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதானால் வயது வரம்பும் கிடையாது. ஆறு வருடமாகப் பாடம் நடத்தும் ஆளுக்கு இரண்டாம் தாளெல்லாம் அவ்வளவு பயமாக இருக்காது.

'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று வாரம் மூன்று மெயில் வருகிறது. சர்வதேசக் கருத்தரங்கு, கட்டணம் ரூ.4,000, ஐஎஸ்பிஎன் எண்ணோடு கட்டுரை அச்சாகும் என்கிறார்கள். போகலாமா?
— வரலாற்றுத் துறை, திருவொற்றியூர்

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். சமையல் குறிப்பு நூலுக்கும் அது உண்டு. முன்பெல்லாம், நம்பகமான ஆய்விதழ்களைச் சொல்லும் யுஜிசி-கேர் பட்டியலைப் பார் என்று சொல்லிவிடுவேன். 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே இப்போது நம் கண்தான் பட்டியல். அவர்கள் போட்டிருக்கும் பதிப்பாசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். பாதிப் பேருக்குத் தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரியாது. அனுப்பிய மறுநாளே 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தால் கட்டுரையை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நாலாயிரத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எத்தனை நாள் போய் வரலாம்!

துறையில் யார் ஓய்வு பெற்றாலும் தலைக்கு ரூ.1,000 வசூல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பொன்னாடை, மோதிரம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. சுருக்கமாக எப்படிச் செய்வது?
— கணிதத் துறை, ராயபுரம்

தலைக்கு 200-க்கு மேல் வாங்காதீர்கள். எம்.சி. ரோட்டில் போய் ஒரு நல்ல பருத்தி வேட்டியோ சேலையோ எடுங்கள். பொன்னாடை வேண்டவே வேண்டாம். என் வீட்டு அலமாரியில் 19 கிடக்கின்றன, தலையணை உறைக்குக்கூட ஆகாது, ஜரிகை குத்துகிறது.

நான் பார்த்ததிலேயே நல்ல பிரிவு விழா எங்கள் லேப் அட்டெண்டருக்கு நடந்ததுதான். அதற்கும் முதலில் நிர்வாகத்தில் விழா கிடையாது என்றார்கள், 'ஆசிரியர் அல்லாதவர்களுக்கு வழக்கமில்லை'யாம். பலகையில் எழுதிப் போட்டேன்: 'வெள்ளி, மூன்று மணி, வேதியியல் லேப், அண்ணன் ஓய்வு.' செகண்ட் லைன் பீச் தெருவிலிருந்து ஒருத்தரை வரச் சொல்லி, லேப் வாசலிலேயே பர்மா பலகாரமான அத்தோ கலக்க வைத்தோம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, ரெண்டு கையாலும் பிசைந்து கொடுத்தார். கூடவே வாழைத்தண்டு சூப். பியூரெட் ஸ்டாண்டு பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு முதல்வரும் சாப்பிட்டார்.

அப்புறம் அண்ணனைப் பேசச் சொன்னோம். முதலில் மாட்டேன் என்றார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துக் காட்டினார். கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் பிராக்டிகல் தேர்வில், தடுமாறுகிற பிள்ளைக்குப் பக்கமாக அவர் நடந்து போவாராம். பேரியம் என்றால் பச்சைத் துண்டு, ஸ்ட்ரான்ஷியம் என்றால் சிவப்புத் துண்டு. சுடரில் அதது காட்டும் நிறம்! "கால்சியத்துக்குச் செங்கல் கலர்ல துண்டு கிடைக்கல மேடம், அதுல மட்டும் நிறையப் பேர் ஃபெயிலு" என்றார். எக்ஸ்டர்னல் தேர்வாளராக அடிக்கடி எங்களிடம் வரும் பேராசிரியர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புரையேறிவிட்டது. நான் 20 வருடம் அதே லேபில் நின்றவள், எனக்கும் தெரியாது. செலவு ஆளுக்கு ரூ.60.

ஜனவரியில் எனக்கு 60 முடிகிறது. கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம். ஜனவரியிலேயே வழியனுப்பு விழா நடத்திவிட்டால், பிப்ரவரியில் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது?
— பொருளியல் துறை, பெரம்பூர்

விழாவை மே மாதத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள் சார். ஜனவரியில் மாலை வாங்கிக்கொண்டு பிப்ரவரியில் இன்டர்னல் மார்க் போட்டால், பிள்ளைகள் 'இன்னும் போகலையா' என்றுதான் பார்ப்பார்கள். பென்ஷன் தாள்களை மட்டும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

எங்கள் துறைத் தோழி மகப்பேறு விடுப்பில் இருக்கிறாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரும் எதுவும் சொல்வதில்லை. சரிதானா?
— கொருக்குப்பேட்டை

தப்பு. தமிழக அரசு 2021 ஜூலையிலிருந்து அந்த விடுப்பை ஒரு வருடம் ஆக்கியிருக்கிறது. ஒரு வருடம் செய்தியே இல்லாமல் திரும்பி வந்தால் அவளுக்கு ஸ்டாஃப் ரூமே வேறு ஊராக இருக்கும். மாதம் ஒரு தடவை நேரில் போ. ரயில்வே கேட் மூடியிருந்தால் காத்திருந்து போ, உங்கள் ஊரில் அது பழக்கம்தானே. ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றில் அவளைச் சேரச் சொல். சேருவதற்குக் கட்டணம் இல்லை, வீடியோவைக் குழந்தை தூங்கும் நேரத்தில் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்கு ரூ.1,000 கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அன்றைக்குக் குழந்தையை நீ பார்த்துக்கொள்.