மேட்ச் அன்று மதியம் களி சாப்பிட்டால் கால் கனக்கிறதா?

களியை விட வேண்டாம் தம்பி, நேரத்தை மாத்துங்க. மூணரை மணிக்குத் தொடங்குற ஆட்டத்துக்குப் பன்னிரண்டு மணிக்குள் சோறும் ரசமும், இல்லேன்னா இட்லி. களி முதல் நாள் ராத்திரிக்கு.

ஓசூர் வீட்டில் ஒரு மணிக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டு, பஸ் ஏறி பெங்களூரு லீக் ஆட்டத்துக்கு இறங்குறேன்னு எழுதியிருக்கீங்க. கேழ்வரகிலும் கொட்டையிலும் நார்ச்சத்து அதிகம், மெதுவாத்தான் செரிக்கும். வார்ம்-அப் தொடங்கும்போதும் வயிறு நிறைஞ்சே இருக்கும். முதல் பாதி மட்டும் கனக்குதுன்னு சொல்றது இதோட பொருந்துது.

பயிற்சி நாளில் முதல்ல சோதிங்க: ஒருநாள் சோறு, ஒருநாள் களி, அதே நேரம், அதே ஓட்டம். லீக் மேட்சில் புதுச் சாப்பாடு வேண்டவே வேண்டாம், சீசன் நடுவில் இடம் பறிபோனா திரும்பப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

வாரத்துக்கு ரெண்டு ஆட்டம்னா, தசையில் தீர்ந்த சக்தி நிரம்பவே ரெண்டு நாள் ஆகலாம். சாப்பாட்டை மாத்தியும் கனம் போகலேன்னா காரணம் அதுவா இருக்கலாம், கோச்சிடம் மறைக்காம சொல்லுங்க. மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னா ஹீமோகுளோபின் பார்த்துடுங்க. நெஞ்சு வலின்னா அன்னைக்கே ஆடாம டாக்டரைப் பாருங்க.