பதில்: அந்தி நேரத்தில் ரிலே கடகடவென்று அடிக்கிறது

வணக்கம் நண்பரே. எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரி), 10கே பிரீசெட் (திருகி அளவை மாற்றும் 10,000 ஓம் ரெசிஸ்டர்), பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த தானியங்கி விளக்கு இருட்டும் நேரத்தில் விட்டுவிட்டு எரிகிறது என்கிறீர்கள். ரிலே கெடவில்லை, மாற்ற வேண்டாம்.

முதலில் பல்பைக் கழற்றிவிட்டுச் சத்தத்தைக் கவனியுங்கள். அடிப்பது நின்றால், பல்பின் வெளிச்சமே எல்டிஆர் மேல் விழுகிறது. பேனா மூடி போன்ற கருப்புக் குழாயில் எல்டிஆரைச் செருகி, பல்புக்கு எதிர்ப்பக்கம் வானம் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

பல்பு இல்லாமலும் அடித்தால், டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் தடுமாறுகிறது. பெரிய கெப்பாசிட்டர் போடச் சிலர் சொல்வார்கள். அது தாமதப்படுத்துமே தவிரத் தீர்க்காது. இரண்டு வோல்ட்டேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்எம்358 ஐசி ஒன்றைச் சேர்ப்பதுதான் சரி. எல்டிஆரை 12 வோல்ட் பக்கமும் 10கே ரெசிஸ்டரைக் கிரவுண்ட் பக்கமும் வைத்து, நடுப்புள்ளியை 2ஆம் பின்னுக்குக் கொடுங்கள். பிரீசெட்டின் நடுக்கால் இன்னொரு 10கே வழியாக 3ஆம் பின்னுக்கு. 1ஆம் பின்னிலிருந்து 3ஆம் பின்னுக்கு 470கே ரெசிஸ்டர், இதுதான் முக்கியம். எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் சுமார் 0.2 வோல்ட் இடைவெளி கிடைக்கும், ஊசலாட்டம் நிற்கும். 1ஆம் பின்னிலிருந்து 4.7கே வழியாக பிசி547இன் பேஸுக்கு. 8ஆம் பின் 12 வோல்ட், 4ஆம் பின் கிரவுண்ட்.

நீங்கள் போட்ட சர்க்யூட் படத்தில் ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடைக் காணோம். 1என்4007 ஒன்றை, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி, கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் பிசி547 சீக்கிரம் போய்விடும். கை வைக்கும் முன் மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.