வீட்டிலேயே எச்டி ப்ரொஜெக்டர் செய்ய எந்த எல்சிடி பேனலை வாங்குவது, எப்படித் தேடுவது?

பழைய லேப்டாப் அல்லது டேப்லெட் திரையைப் பிரித்துப் பயன்படுத்த முடியுமா, 1080பி தெளிவு வேண்டுமானால் எந்தப் பேனலைத் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பேனலின் பேக்லைட்டைக் (அதன் பின்னால் உள்ள விளக்கு அடுக்கை) கழற்றிவிட்டு, பின்னால் வலுவான விளக்கும் முன்னால் லென்ஸும் வைத்து ஒரு பெட்டிக்குள் அடைப்பதுதான் இந்த ப்ரொஜெக்டர். நான் இதுவரை இப்படி மூன்று பெட்டிகள் செய்தேன். ஒன்றுதான் இன்னும் ஓடுகிறது. மற்ற இரண்டும் படுத்துவிட்டதற்கு விளக்கோ லென்ஸோ காரணமில்லை, பேனல் விஷயத்தில் நான் காட்டிய அவசரமும் கவனக்குறைவும்தான் காரணம். அதனால் பேனலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேனல் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. அதை ஓட வைக்கும் கண்ட்ரோலர் போர்டுதான் (கணினியிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்குப் புரியும் சிக்னலாக மாற்றும் பலகை) சிக்காது. முதல் தடவை நானும் பேனலைத்தான் முதலில் வாங்கினேன். 7 அங்குலம், 1200×1920, விலையும் சல்லிசு. பிறகு போர்டு தேடினால் அந்தப் பேனலின் மாடல் எண்ணுக்கு யாரிடமும் இல்லை. "இதைப் போட்டால் ஓடும்" என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்பிய போர்டில் பேக்லைட் பளிச்சென்று எரிந்தது, படம் மட்டும் கடைசி வரை வரவில்லை.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. போன், டேப்லெட் பேனல்களில் பெரும்பாலானவை மிப்பி டிஎஸ்ஐ என்ற இணைப்பில் ஓடுபவை. போர்டு முதலில் ஒரு கட்டளை வரிசையை அனுப்பினால்தான் பேனல் விழித்துக்கொள்ளும். அந்த வரிசை ஒவ்வொரு பேனலுக்கும் வேறு. எச்டிஎம்ஐயை மிப்பியாக மாற்ற தோஷிபாவின் டிசி358870 போன்ற சிப்கள் இருக்கின்றன. ஆனால் சிப் இருந்தால் போதாது, போர்டில் எழுதியிருக்கும் மென்பொருள் உங்கள் பேனலுக்கானதாக இருக்க வேண்டும். கனெக்டர் அச்சாகப் பொருந்துகிறதே என்று நம்பிச் செருகிவிடாதீர்கள். கனெக்டரில் உள்ள பின்களின் (சின்ன உலோக முனைகளின்) வரிசை மாறியிருந்தால், பேக்லைட்டுக்கான அதிக வோல்டேஜ் சிக்னல் பின்னில் ஏறிப் பேனலையே முடித்துவிடும்.

ஆகவே போர்டையும் பேனலையும் ஜோடியாக, ஒரே இடத்தில், படம் ஓடுவதைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். தனித்தனியாகத்தான் வாங்க முடியும் என்றால், பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டேப்லெட்டின் மாடல் பெயரை வைத்து வாங்க வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பேனல்கள் இருப்பது சகஜம். எண்ணின் கடைசி எழுத்துகள் மாறினாலும் கனெக்டர் மாறியிருக்கலாம். முழு எண் கையில் இருந்தால் பேனலுக் (Panelook) என்ற பேனல் விவரத் தளத்தில் போட்டு இணைப்பு வகை, பின் எண்ணிக்கை, அளவு மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப் பேனல் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாது. பழையவை எல்விடிஎஸ் என்ற இணைப்பில் ஓடும், புதியவை இடிபி என்ற, டிஸ்ப்ளேபோர்ட் வகை இணைப்பில் ஓடும். போர்டும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அளவு இடிக்கிறது. 15.6 அங்குலப் பேனலின் படப்பகுதி 345 மிமீ அகலம், 194 மிமீ உயரம். அதை மூடும் ஃப்ரெனெல் லென்ஸ் (ஒளியைக் குவிக்கும் தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ்), அதற்கேற்ற ப்ரொஜெக்ஷன் லென்ஸ் என்று போனால் பெட்டி ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு வரும். 5.5 அங்குலப் பேனலோ வெறும் 122 மிமீக்கு 68 மிமீ. பெட்டி கச்சிதமாக அமையும், ஆனால் சூடு அங்கேதான் வேலையைக் காட்டும். இரண்டின் பரப்பளவும் எட்டு மடங்கு வித்தியாசம். அதே விளக்கின் ஒளியை எட்டில் ஒரு பங்கு இடத்தில் குவிக்கிறீர்கள். போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்) வண்ண வடிகட்டியும் விழுங்கியது போகப் பேனலைத் தாண்டி வருவது பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. மீதியில் பெரும்பகுதி பேனலுக்குள்ளேயே சூடாகத் தங்கிவிடும்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பெட்டியில் ஃபேன் வயர் கழன்றிருந்தது, நான் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் திரை நடுவே மைக்கறை மாதிரி ஒரு கருப்பு வட்டம் தோன்றி மெல்லப் பரவியது. திரவப் படிகம் அளவுக்கு மீறிச் சூடானால் தன் ஒழுங்கை இழந்து இப்படிக் கறுத்துப்போகும். விளக்கை அணைத்ததும் வட்டம் சுருங்கி மறைந்தது. "அப்பாடா, தப்பித்தது" என்றுதான் நினைத்தேன். ஆனால் போலரைசர் படலம் வெந்து, அந்த இடத்தில் பழுப்பாக நிரந்தரமாய் நின்றுவிட்டது.

எனக்குப் பிடித்தது நடுத்தர அளவு. ஐபேட் 3, 4 மாடல்களில் வந்த 9.7 அங்குலப் பேனல், எல்ஜியின் எல்பி097கியூஎக்ஸ்1 வரிசை, 2048×1536. இது இடிபி என்பதால் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினிக்கு எளிமையான இணைப்புப் போர்டே போதும். எச்டிஎம்ஐ வேண்டுமானால்தான் மாற்றும் சிப் உள்ள போர்டு தேவை. தொடுகண்ணாடி இதில் தனியாகத்தான் இருக்கும், பேனலோடு ஒட்டியிருக்காது. குறை என்றால் 4:3 வடிவம். 16:9 படம் போட்டால் 2048×1152 புள்ளிகள்தான் வேலை செய்யும். அதுவே 1080பிக்கு மேல், பிறகென்ன?

சின்னப் பெட்டிதான் வேண்டும் என்றால் ஷார்ப்பின் 5.5 அங்குல எல்எஸ்055ஆர்1எஸ்எக்ஸ்04. எல்சிடி பேனல் வழியே ஒளி பாய்ச்சித் திரவ ரெசினை இறுக வைக்கும் 3டி பிரிண்டர்காரர்கள் புண்ணியத்தில் இதற்கு எச்டிஎம்ஐ போர்டு ஜோடியாகவே விற்கிறார்கள். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. இது நெட்டுவாக்கில், 1440×2560 ஆக ஓடும் பேனல். கணினியில் திரையைத் திருப்பிக்கொள்ளலாம், செட்டாப் பாக்ஸைச் செருகினால் படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். போர்டிலேயே படத்தைத் திருப்பும் வசதி உண்டா என்று கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

அதே பிரிண்டர் உலகத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. "மோனோ" என்று போட்டு வரும் பேனல்களில் வண்ண வடிகட்டியே கிடையாது. ஒளி அருமையாகக் கடக்கும், படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். அமோலெட் திரை எதுவுமே ஆகாது, அது தானே ஒளிர்வது, பின்னாலிருந்து ஒளியை விட வழியில்லை. தொடுகண்ணாடியோடு பசை போட்டு ஒட்டிய போன் திரைகளையும் விட்டுவிடுங்கள், பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் மேட் பேனல் ஒளியைச் சிதறடிக்கும், பளபளப்பானதாகப் பாருங்கள்.

லேப்டாப் பேனல் என்றால் இன்னொன்றையும் புகைப்படத்தில் பார்க்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் பச்சைச் சர்க்யூட் பலகை பின்பக்கமாக மடிந்திருக்கும். பேக்லைட்டை எடுத்த பிறகு அது ஒளியின் வழியில் நின்றால் படத்தில் கருப்புப் பட்டை விழும். அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தும் அளவுக்கு, அதைக் கண்ணாடியோடு இணைக்கும் ரிப்பன் கேபிள்களுக்கு நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரிப்பன்கள் கண்ணாடியில் சால்டர் செய்யப்பட்டவை அல்ல, அழுத்தி ஒட்டப்பட்டவை. என் முதல் லேப்டாப் பேனலில் ஓரத்துக் கருப்பு டேப்பை வெடுக்கென்று இழுத்தேன். மேலிருந்து கீழே பச்சையாக ஒரு கோடு, இழுத்த இழுப்புக்குச் சாட்சி. வீட்டில் வைத்து அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, டேப்பைத் தன் மேலேயே மடித்து, நத்தை வேகத்தில் உரியுங்கள்.

எல்சிடி பேனல்களில் ஐபிஎஸ், டிஎன் என்று வகைகள் உண்டு. பிரித்த ஐபிஎஸ் பேனலை மின்சாரம் இல்லாமல் விளக்கில் பிடித்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். போய்விட்டது என்று பதற வேண்டாம், மின்சாரம் இல்லாதபோது அதன் இயல்பே அதுதான். டிஎன் பேனல் என்றால் அந்தப்பக்கம் தெரியும்.

வசதி இருந்தால் பேனலை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், முதலாவது பெரும்பாலும் கைப்பழக்கத்துக்கே போய்விடும். ப்ரொஜெக்ஷன் லென்ஸ் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அது எத்தனை அங்குலப் பேனலை மூலைவரை மூடும் என்று கமெண்டில் சொல்லுங்கள். 9.7ஆ 5.5ஆ என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.